லிஃப்ட்காரர் ட்ரவுட் பிடிக்கப் போனது

இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு ட்ரவுட் மீனைப் பிடித்தே தீருவது, அதுவும் பொய்ப்பூச்சி கட்டிய தூண்டிலால் பிடிப்பது, அதுவும் மனைவிக்குத் தெரியாமல் பிடிப்பது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவு செய்தார். மூன்றில் எது கஷ்டம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் இருட்டுக் கிணறு மாதிரி லிஃப்ட் ஏறி இறங்கும் பாதைகள்தான். மேலே கிரீஸ், கீழே கிரீஸ், நடுவில் அவர். ஒருநாள் ஒரு பல் டாக்டரின் கட்டடத்தில் வேலை முடித்துவிட்டு, அங்கே கிடந்த பழைய பத்திரிகையைப் புரட்டினார். அதில் ஒரு படம். முழங்கால் தண்ணீரில் ஒரு ஆள் நிற்கிறான். தலைக்கு மேலே தூண்டில் நூல் வளைந்து நிற்கிறது. ஆற்றின் அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிகிறது. அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை டாக்டருக்குத் தெரியாமல் கிழித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து, லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பி வடத்துக்கு எண்ணெய் போடும்போதெல்லாம் காலடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். எட்டிப் பார்த்தால் தரைத்தளம்.

வீட்டில் முதலில் நூல் விட்டுத்தான் பார்த்தார்.

"ட்ரவுட்டுன்னு ஒரு மீன் இருக்காம்."

மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சட்டை தைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தாள்.

"சந்தைக்கு வருதா?"

"வராது. குளுந்த ஆத்துலதான் இருக்கும். நாமதான் போய்ப் பிடிக்கணும்."

"போன வாரம் குளியலறையில ஒரு கரப்பான் பூச்சியப் பிடிக்கச் சொன்னேன்."

"அது வேற."

"ஆமா வேற. அது ஓடல, நீங்க ஓடினீங்க."

அவள் சிரித்தாள். குத்தலான சிரிப்புகூட இல்லை. ஆனாலும் அவர் சுருண்டுபோனார். அதோடு ஆற்றைப் பற்றி அவளிடம் வாய் திறக்கவில்லை.

பழைய சாமான் கடையில் ஒரு தூண்டில் கழியும் அட்டை போன ஒரு புத்தகமும் கிடைத்தன. 'மாடிக் குழாய் ரிப்பேர்' என்று பேர் வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனார். புத்தகம் சொன்னது: உன் தலையைக் கடிகாரமாக நினைத்துக்கொள், கழி பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்தான் ஆட வேண்டும். பின்னால் போன நூல் முழுசாக நீளும்வரை பொறு. அப்புறம் முன்னால் வீசு. அவசரப்பட்டால் நூல் உன் மேலேயே விழும்.

அவருடைய கடிகாரம் எப்போதும் முந்திக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டு ஆண்டெனா மாட்டியது. கொடியில் காய்ந்த பாவாடை மாட்டியது. ஒருநாள் காதே மாட்டியது. மடலில் முள் ஏறி, பூச்சி கம்மல் மாதிரி தொங்கியது.

"என்னங்க இது?" என்றாள், துணி எடுக்க வந்த மனைவி.

"கொசு."

"கொசு எப்பருந்து நூல் கட்டிக்கிட்டு வருது?"

"குழாய்ல ஏதோ..."

"எனக்குக் காது குத்தப் பாத்து உங்களுக்கே குத்திக்கிட்டீங்க. அசையாதீங்க."

ஊசி பிடித்துப் பழகிய விரல்கள். வலி தெரியாமல் எடுத்துவிட்டாள். பூச்சியைக் கொஞ்சநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவரே கட்டிய பூச்சி. உடல் அவளுடைய பழுப்பு நிறப் பட்டு நூல். இறக்கை, அவள் தூசி தட்டும் இறகுத் துடைப்பத்திலிருந்து பிடுங்கியது. அந்தத் துடைப்பம் ஒரு மாதமாக மொட்டையாகிக்கொண்டு வந்தது. என்னவோ எதிர்பார்க்கிற மாதிரி நின்றாள். அவர் குழாயைத் தட்டிப் பார்த்தார். அவள் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஆற்றில் இறங்க மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பாரத்தை நிரப்பி, உறையில் போட்டு, சட்டைப்பையில் வைத்து, மறந்தார். சட்டை துவைத்து வந்தபோது பை காலி.

"இதுல ஒரு கவர் இருந்துச்சே?"

"என்ன கவர்?"

"வேலைக் கடுதாசி."

"தபால்ல போட்டாச்சு."

உறை மேல் எழுதியிருந்ததை அவள் படித்தாளா என்று கேட்க முடியாது. மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒருநாள், "உங்க கம்பெனிக் கடுதாசி" என்று ஒரு உறையைக் கருவிப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாள். பிரித்தார். மடித்த தாளின் மேல் பச்சை முத்திரை தெரிந்தது. அது போதும். நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொப்பிக்குள் செருகினார்.

பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அது போனால் மீன் முட்டையிடும் காலம், ஆறு மாதம் யாரும் தூண்டில் போடக் கூடாது.

"மலைமேல ஒரு ஓட்டல்ல லிஃப்ட் சிக்கிக்கிச்சாம். போயே ஆகணும்."

"உள்ள ஆள் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப மெதுவாச் சாப்பிட்டுட்டுப் போங்க. நானும் இன்னிக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்."

இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஆறு படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. தண்ணீரில் இறங்கியதும் குளிர் முழங்காலைக் கவ்வியது. சத்தம் காதை நிறைத்தது. ஒரு நிமிஷம் கழியை எடுக்கவே தோன்றவில்லை. எதிர்க்கரைப் பாறை ஓரமாக, தண்ணீர்மேல் ஒரு வட்டம் எழுந்து விரிந்தது. இன்னொன்று. மேலே மிதந்து வரும் பூச்சியை ட்ரவுட் வாய்வைத்து உறிஞ்சுகிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அக்கா வீட்டில் இருப்பவளிடம் எப்படிச் சொல்வது?

நிழல் மீன்மேல் விழாதபடி, நீரோட்டத்தைப் பார்த்து நின்று, கழியை ஓங்கினார்.

"சார், சீட்டு" என்றார் கரையில் ஆற்றுக் காவலர்.

பெருமையாக எடுத்துக் கொடுத்தார். காவலர் பிரித்துப் படித்தார். அவரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது ஒரு அம்மா பேர்ல இருக்கே. கூட வர்றவர், வலை பிடிக்க, வீட்டுக்காரர்னு போட்டிருக்கு. நீங்க வலைதான் பிடிக்கலாம். தூண்டிலத் தொடக் கூடாது."

"அந்த அம்மா இங்க இல்லியே."

"இருக்கேன்" என்றது பின்னால் ஒரு குரல்.

சாப்பாட்டுப் பையோடு மனைவி சரிவில் இறங்கி வந்தாள். அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"கவர் துணியோட நனைஞ்சு, பாரம் கூழாயிருச்சு. புதுசு வாங்கி எழுதினேன்."

"என் பேர எழுதறதுக்கென்ன?"

"வேலைக் கடுதாசின்னீங்க. வேலைக்குப் போற மனுஷர் எப்படி மீன் பிடிப்பாரு?"

கழியை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு கைவலையை எடுத்து அவரிடம் நீட்டினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பத்து மணி. இரண்டு மணி. பின்னால் நூல் நீளும்வரை பொறுத்தாள். வீசினாள். பூச்சி சத்தமில்லாமல் பாறை ஓரம் இறங்கியது.

"எங்க கத்துக்கிட்ட?"

"பகல்ல மாடி சும்மாதானே கெடக்கு."

கழியில் நூல் நாளுக்கு நாள் ஒழுங்காகச் சுற்றியிருந்ததை அவர் தன் முன்னேற்றம் என்று நினைத்திருந்தார்.

"சொல்லியிருக்கலாமே."

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள். "ஆறு மாசமா, காஞ்சு கெடக்கிற துணிய எடுக்கத் தெனம் மாடிக்கு வந்தேன். ஒருநாளாவது நீயும் வரியான்னு கேப்பீங்கன்னு. மடிச்சதையே திருப்பி மடிச்சேன்."

அந்த நேரம் பார்த்து வட்டம் எழுந்து, பூச்சி காணாமல் போனது. அவள் வெடுக்கென்று இழுக்கவில்லை, கழியை மெல்ல உயர்த்தினாள். நூல் விறைத்தது. அவர் வலையோடு பாய்ந்தார், விழுந்தார், எழுந்தார், ஒருவழியாக ஏந்தினார்.

ஒரு சாண்கூட இல்லை. சின்ன மீனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். கையை நனைத்துக்கொண்டு எடுத்தார். தங்க நிறத்தில் உடம்பு, சிவப்புப் பொட்டுகள். உள்ளங்கைக்குள் துடித்தது. நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தார். தானாகத் தெம்பு வந்து அது நழுவிப் போனது. அது போன இடத்தை இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடுத்த பருவத்துக்குச் சேந்தே வருவோம். நீயும் வரியா?" என்றார், ஆறு மாதம் தாமதமாக.

"அதுக்கும் பாரம் அனுப்பியாச்சு."

"என் பேர் போட்டியா?"

"போட்டேன்" என்றாள், அடுத்த வீச்சுக்குக் கழியை ஓங்கியபடி. "அதே எடத்துல."