அதிகாரியைக் கண்டால் மிரளும் கேமரா

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை நிஷிவாகி அவர்களுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. தோட்டங்களில், நாங்கள் உப்பில் ஊறுகாய் போடும் உமே பழம் வலை விரித்த இடமெல்லாம் விழுகிறது. இந்த ஈரத்தில் ஒசாகாவில் உங்கள் முழங்கால் என்ன பாடு படுகிறதோ என்று நானும் என் மனைவியும் கவலைப்படுகிறோம். தங்கை யாசுயோவும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன புத்தாண்டில் என் வீட்டில் உட்கார்ந்து, என் மோச்சி அரிசிக் கொழுக்கட்டையை மென்றுகொண்டே, "மச்சான், எங்க கம்பெனி கேமராவைப் போட்டுப் பாருங்க, கண் சிமிட்டாம வேலை செய்யும்" என்றீர்கள். நானும் நம்பி, உப்பில் ஊறிய பழங்களைத் தோல் கிழிசல் பார்த்துப் பிரிக்கும் எங்கள் பிரிவுக்கு, அதன் தலைவன் என்ற முறையில் சிபாரிசு எழுதி முத்திரையும் குத்தினேன். முதலாளி படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சோதனை என்றார். கேமரா ஜெயித்தால் பழம் பார்க்கும் ஆறு பெண்களுக்கும் மாதக் கடைசியோடு வேலை இல்லை. தோற்றால் சிபாரிசு செய்தவன் உப்புக் கொட்டகைக்குப் போக வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் உப்பு மூட்டை தூக்கும் உத்தேசம் எனக்கு இல்லை, ஆகவே கேமரா ஜெயித்தே ஆக வேண்டியிருந்தது.

மாட்டியவுடன் அது பாட்டுக்குப் படம் எடுக்கத் தொடங்கியது. பெல்ட்டில் பழமே இல்லை, நொடிக்கு முப்பது படம்! பிறகுதான் புத்தகத்தில் ட்ரிகர் என்றொரு அத்தியாயம் இருப்பதைப் பார்த்தேன். பழம் வந்தால் மட்டும் எடு என்று சொல்லிவைக்கிற ஏற்பாடு அது. யார் சொல்வது என்று கேட்டது, கணினி என்று தேர்ந்தெடுத்தேன், அப்புறம் பழத்துக்குப் பழம் நானே பொத்தானை அமுக்க வேண்டியதாகி, மதியச் சாப்பாட்டுக்குள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. மறுநாள் சென்சார் என்று மாற்றினேன். பெல்ட்டின் இரு பக்கமும் இரண்டு சின்னக் கண்கள், நடுவே ஓர் ஒளிக்கற்றை, அதைப் பழம் மறித்தால் படம். சரி என்றால், மறிக்கும்போதா, விலகும்போதா என்று அடுத்த கேள்வி. விலகும்போது என்றேன், எல்லாம் முதுகுப் படம். எத்தனை நேரம் பொறுத்து எடுக்கட்டும் என்றது. பொறுமை நல்லதுதானே என்று சைபர்களைத் தாராளமாகப் போட்டேன், ஐந்து நொடி ஆகிவிட்டது. பழம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்த பிறகு கேமரா காலி பெல்ட்டைப் படம் எடுத்துப் "பழம் காணவில்லை" என்று அலறியது. கடைசியில் சரியான எண்ணைச் சொன்னது ஓகுரா அம்மாள். அந்த ஆறு பேரில் மூத்தவர், இருபத்தாறு வருடமாகப் பழம் பார்ப்பவர். வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கிறார், ஊசி இறங்கும் நேரம் பார்க்கும் அந்தப் பழக்கத்தில் வந்த குருட்டு அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

இதற்குப் பிறகுதான் உங்கள் கேமராவின் சுயரூபம் தெரிந்தது. நான் தள்ளி நின்றால் ஒழுங்காக வேலை செய்கிறது. பக்கத்தில் போய்ப் பொறுப்பாக நின்றால் கெட்டுப்போகிறது. எங்கள் தொழிற்சாலை விதி உங்களுக்குத் தெரியும், இருபது வருடம் முன்பு அதை எழுதியவனே நான்: எதைப் பரிசோதித்தாலும் விரலை நீட்டிச் சுட்டி, உரக்கச் சொல்ல வேண்டும். அதன்படி ஒவ்வொரு பழத்துக்கும் நேராக விரலை நீட்டி, "பழம் சரி! பழம் சரி!" என்று கூவிக்கொண்டு நின்றேன். அப்போதெல்லாம் திரையில் பழம் இல்லை, என் விரல்! அதன் கீழே தீர்ப்பு: "சுருங்கியது, நிறம் குறைவு, கழிவு." உடனே காற்றுக்குழாய் புஸ்ஸென்று ஊதி, அடுத்து வந்த நல்ல பழத்தைக் கழிவுத் தொட்டியில் தள்ளியது.

உங்கள் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண்.

"சார், ஒளிக்கற்றைக்குக் குறுக்க வேற ஏதாவது வருதா?"

"நான் நிக்கிற இடத்துல எவன்மா குறுக்க வருவான்?"

"அப்ப, சின்னச் சின்னக் குறுக்கீட்டைக் கண்டுக்காதேன்னு ஒரு அமைப்பு இருக்கு சார், அதைக் கூட்டி வையுங்க."

"கண்டுக்காம விடுறது எங்க தொழிற்சாலைல பழக்கம் இல்லை!" என்று வைத்துவிட்டேன்.

ஓகுரா அம்மாளும் வந்து, "சார், உங்க கையைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். "ஓகுராம்மா, வேலை போகப்போற கவலைல இருக்கீங்க, புரியுது. போய் உக்காருங்க" என்றேன். அவர் போய்ப் பழம் பார்க்க உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளியே பார்க்கிறார் என்றதும் விரல் வழக்கத்தைவிட நீண்டது, குரலும் எகிறியது. நாற்பது பழம் போயிற்று, திரையில் நாற்பது விரல். கடைசியாக ஊதிய பழம் தொட்டியைத் தாண்டிப் போய் முதலாளியின் செருப்பு மேல் விழுந்தது.

"இசோகாய், இது என்னய்யா?"

"பழம், முதலாளி."

"அது தெரியுது. திரையில?"

"விரல், முதலாளி."

"யாரோடது?"

கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவமானத்தில் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, அதிகாரியைக் கண்டால் மிரளும் இந்தக் கேமராவை உடனே வந்து எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் விற்ற கேமரா பழுது என்று உங்கள் கைப்பட எழுதியும் கொடுங்கள், நான் உப்புக் கொட்டகைக்குப் போகாமல் தப்பிப்பேன். முடியாதென்றால் முன்னோரைக் கும்பிடும் ஓபோன் விடுமுறைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம். யாசுயோ மட்டும் வரலாம்.

மழையில் நனையாமல், முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு நலமாக இருக்க வேண்டும் என்று தலை வணங்கும்,
இசோகாய் மொதொஹரு

பின்குறிப்பு: தபாலில் போடப் போகும்போது முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஓகுரா அம்மாளும் இருந்தார். "கேமராவுல ஒரு பழுதும் இல்லை முதலாளி. முன்னாடி வந்ததைத்தான் புடிச்சிருக்கு" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். முதலாளி இதுவரை பதிவான நாலாயிரத்துச் சொச்சம் விரல் படங்களையும் பார்த்துவிட்டாராம். அவர் முகத்தில் கோபம் இல்லை, கண் கலங்கியிருந்தது. "விதியை யாராவது கடைப்பிடிக்கிறாங்களான்னு இருபது வருஷமா எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான்யா ஆதாரத்தைப் பாத்தேன்" என்றார். ஆகவே கேமரா இனி பழம் பார்க்காது, விதிப்படி எல்லாரும் சுட்டுகிறார்களா என்று விரல் பார்க்கும். பழத்தை அந்த ஆறு பெண்களே பார்ப்பார்கள். நீங்கள் எதையும் எடுத்துப் போக வேண்டாம், மேஜைக்கு ஒன்றாக இன்னும் ஆறு அனுப்புங்கள், ஓபோனுக்கும் அவசியம் வாருங்கள். சேரும் விரல் படங்களைப் பார்க்கும் வேலை எனக்கு. படத்துக்குப் படம் சுட்டி, "விரல் சரி!" என்று கூவ வேண்டும். நான் ஒழுங்காகக் கூவுகிறேனா என்று பார்க்க, இப்போது இருக்கும் கேமரா என் மேஜைக்கு வருகிறது. அதற்கு ட்ரிகர் அமைப்பது ஓகுரா அம்மாள். அந்தக் கண்டுகொள்ளாத அமைப்பை எனக்காகக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லிக் கேட்டேன். சைபரில் வைத்துவிட்டு, "கண்டுக்காம விடுறது நம்ம தொழிற்சாலைல பழக்கம் இல்லையே, சார்" என்றார்.