பாவில் உட்கார்ந்த புகைப்படக்காரன்

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காலை வேளையில் நெசவாளர் தெருவில் பின்பக்கமாக நடக்கக் கூடாது. தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயிலில் உலர்த்திக்கொண்டிருப்பார்கள். மூன்று புடவைக்கான பாவு அது. கோயில் மாடு கூட அந்த நேரத்தில் ஓரமாகத்தான் போகும். நான் மாடு இல்லை என்பதால் (என் அப்பாவுக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு) ஓரமாகப் போகவில்லை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. அப்பா நெசவாளி, தாத்தா நெசவாளி. நான் மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த திமிரில், "நான் தறியில உக்கார மாட்டேன்" என்று வீட்டில் அறிவித்துவிட்டு, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசி அது. மெட்ராஸில் இருந்த மாமா, "சும்மா கெடக்குது, நீயாவது வச்சுக்கோ" என்று ஒரு பழைய கேமராவையும் இரண்டு ஃபிலிம் ரோலையும் கொடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்த கேமரா. கழுத்தில் மாட்டி, நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலே உள்ள கண்ணாடியில் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்.

கேமரா வந்த மறுநாளே நான் விளையாட்டுப் புகைப்படக்காரன் ஆகிவிட்டேன். ஏன் விளையாட்டு என்று கேட்பீர்கள். எனக்கு எந்த விளையாட்டும் வராது. சடுகுடுவில் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே மூச்சு என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடும். ஆனால் ஆடுகிறவர்களோடு சேர்ந்து திரிய வேண்டும், டீக்கடையில் அவர்களுக்கு நடுவில் நிற்க வேண்டும் என்று மட்டும் கொள்ளை ஆசை. கேமரா இருந்தால் மூச்சே தேவையில்லையே.

எங்கள் பக்கத்துத் தெருவில் 'நாடா பிரதர்ஸ்' என்று ஒரு சடுகுடு அணி இருந்தது. தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் நெசவாளிகள். நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்து, தொடை ஒவ்வொன்றும் கோயில் தூண் மாதிரி இருக்கும். அவர்களுக்குத் தலைவர் ஏகாம்பரம் அண்ணன். அவர் பாட்டுக்கு மூச்சை இழுத்துப் பிடித்தால், எதிரணி ஆள் கொட்டாவி விட்டு முடித்த பிறகும் "சடுகுடு சடுகுடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் நடந்த ஒரு பந்தயத்தில் என் முதல் ரோலைத் தீர்த்தேன். ஏகாம்பரம் அண்ணன் வலது பக்கம் ஓடுவார். கண்ணாடியில் அவர் இடது பக்கம் ஓடுவார். நான் கேமராவை இடது பக்கம் திருப்புவேன். அவர் கண்ணாடியை விட்டே காணாமல் போய்விடுவார். அவரைத் தேடி நான் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் அங்கே விசில் ஊதிவிடுவார்கள்.

படம் கழுவி வந்ததும் மொத்த அணியும் ஏகாம்பரம் அண்ணன் வீட்டு வாசலில் கூடிவிட்டது. வெறும் மணல் ஐந்து படம். நடுவரின் முதுகு இரண்டு. யாருடையது என்று இன்றுவரை முடிவாகாத கால்கள் மூன்று. மீதி இரண்டிலும் ஒரே ஆடு.

"இது யாருதுப்பா கையி?" என்றார் ஒருவர், ஒரு மணல் படத்தின் ஓரத்தைக் காட்டி.

"அது நம்ம அண்ணனோட முழங்கை," என்றேன், எதையோ சாதித்தவன் குரலில்.

ஏகாம்பரம் அண்ணனின் தங்கை கனகவல்லி எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு படத்தையும் நிதானமாகப் புரட்டினாள். "ஆடு நல்லா விழுந்துருக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மானம் போவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

இரண்டாவது ரோலில் பதினோரு படத்தைப் பயிற்சிக்கே செலவழித்தேன். சைக்கிள், தண்ணீர்க் குழாய், எங்கள் அம்மா (கோபமாக). ஒரே ஒரு படம் மீதி இருந்தபோதுதான் ஏகாம்பரம் அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு சங்கத்துக்கே வந்தார்.

நான்கு வருஷமாக மனுப் போட்டு, அந்த வருஷம்தான் மாவட்டப் போட்டிக்கு அவர்களுக்கு அழைப்பு வந்திருந்தது. பெயர் பதிகிற மனுவோடு அணியின் குரூப் போட்டோவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் செங்கல்பட்டில் கொடுத்தாக வேண்டும். முகூர்த்த நாள் என்பதால் ஊரில் இருந்த படக்காரர்கள் எல்லாரும் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஸ்டூடியோவில் கழுவுகிற ஆள் மட்டும்தான் இருந்தார். புது ஃபிலிம் வேண்டுமென்றால் மெட்ராஸிலிருந்து வர வேண்டும்.

"எனக்கு வயசாயிக்கினே போவுது, தம்பி சம்பந்தம். இந்த வாட்டி விட்டா அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணி வச்சிருவாங்க, அப்புறம் எங்க ஆடறது? ஒரே ஒரு போட்டோ. எடுத்துக் குடுத்துருவியா?"

அந்தப் பெரிய ஆள் அப்படிக் கேட்டபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "இன்னாண்ணே இது, நான் இருக்கேன்," என்றேன். (நான் இருந்ததுதான் பிரச்சினையே என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.)

நெசவாளிக்கு விடுமுறை அமாவாசை அன்றுதான். அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள். ஆகவே மறுநாள் காலையில், எல்லாரும் தறிக்குழியில் இறங்குவதற்கு முன்னால், ஏகாம்பரம் அண்ணன் வீட்டுத் தெருவிலேயே படம் எடுப்பது என்று முடிவாயிற்று. அவர்கள் நிற்கப்போவது தெருவின் இந்தப் பக்கச் சுவர் ஓரம். அந்தப் பக்கம், அதே ஏகாம்பரம் அண்ணன் வீட்டுப் பாவு. அவருடைய அம்மாவும் கனகவல்லியும் கஞ்சி தெளித்து, நீவிவிட்டு, அப்போதுதான் முடித்திருந்தார்கள். அரக்கு நிறப் பாவு, காலை வெயிலில் தகதகவென்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். வரும்போதே பார்த்தேன். "ஆயாசம் இல்லாம வேல முடிஞ்சிதாம்மா?" என்று விசாரிக்கவும் செய்தேன். இதையெல்லாம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பன்னிரண்டு பேரும் வெள்ளை பனியனும் நீல நிஜாரும் போட்டு, தலையில் எண்ணெய் வழிய, விபூதிப் பட்டையோடு நின்றார்கள். இருந்தது ஒரே படம். ஆகவே நான் ஒரு பிரசங்கம் செய்தேன்.

"இத பாருங்க. ஒரே ஒரு படம்தான் இருக்குது. நான் 'ஆச்சு'ன்னு சொல்ற வரைக்கும் யாரும் ஆடக் கூடாது, அசையக் கூடாது, வாயத் தொறக்கவே கூடாது. எவனாவது பேசினான்னா போட்டோ போச்சு, போட்டி போச்சு. தலைமேல சத்தியம் பண்ணுங்க."

பன்னிரண்டு பேரும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். பிறகு பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் அவர்களுக்குக் கைவந்த கலையாயிற்றே.

நான் தலையைக் குனிந்தேன். கண்ணாடியில் எட்டுப் பேர்தான் தெரிந்தார்கள். ஓர் அடி பின்னால் போனேன். ஒன்பது பேர். இன்னும் இரண்டு அடி. பத்துப் பேர், ஆனால் ஓரத்தில் நின்ற தணிகாசலத்துக்குப் பாதி முகம். அவன் கொஞ்சம் அகலமான ஆள். இன்னும் ஓர் அடி.

அந்தப் பன்னிரண்டு பேருடைய நிலைமையைப் பிற்பாடு நினைத்து நினைத்து உருகியிருக்கிறேன். இருபத்து நான்கு கண்ணுக்கும் நான் எங்கே போகிறேன் என்று தெரிகிறது. வாயைத் திறந்தால் போட்டி போச்சு. திறக்காவிட்டால் பாவு போச்சு. தணிகாசலம் விழியை உருட்டி உருட்டிக் காட்டினானாம். கண்ணாடியில் அதைப் பார்த்த நான், "தணிகாசலம், முழிக்காத, நார்மலா நில்லு," என்று அதட்டினேன். ஓர் ஆள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். அம்மாவும் கனகவல்லியும் கஞ்சிக் குண்டானைக் கழுவ உள்ளே போயிருந்தார்கள்.

பதினோரு பேர் தெரிந்தார்கள். இன்னும் ஒரே அடி.

"பாவு!" என்று அலறினார் ஏகாம்பரம் அண்ணன். சத்தியம், போட்டி, நான்கு வருஷக் கனவு எல்லாவற்றையும் காற்றில் விட்டுவிட்டு அவர் போட்ட அந்தச் சத்தத்துக்குப் பன்னிரண்டு பேரும் என்னைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். நான் தலையை நிமிர்த்தினேன். குதிகால் எதிலோ தட்டியது. என் விரல் பொத்தானை அழுத்தியது. அப்புறம் நான் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, அரக்குப் பட்டின் நட்டநடுவில், சம்மணம் போட்டது போல உட்கார்ந்தேன்.

இழைகள் அறுகிற சத்தம் மிகவும் மெல்லியது. அதை விவரிக்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை. பாவைத் தாங்கிய குச்சிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சட்டையெல்லாம் கஞ்சி.

ஏகாம்பரம் அண்ணனின் அம்மா வெளியே ஓடி வந்தார்கள். தலையிலும் வாயிலும் அடித்துக்கொண்டார்கள். "அடப்பாவி, பத்து நாள் வேலடா! கல்யாணப் பொடவடா! ஒக்காற ஒனக்கு வேற எடமே கெடைக்கலியாடா?" எனக்கு எழுந்திருக்கவும் பயம். எழுந்தால் இன்னும் நாலு இழை அறும். "அசையாத! அப்படியே இரு!" என்று கனகவல்லி அதட்டினாள். சற்று முன்னால் நான் பன்னிரண்டு பேருக்குப் போட்ட அதே உத்தரவு. என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, சட்டையிலும் கையிலும் ஒட்டியிருந்த இழைகளை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நாலு தெரு ஜனமும் வந்து பார்த்துவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் அப்பா வந்தார். என்னைப் பார்த்தார். பாவைப் பார்த்தார். மூன்று வருஷமாக எடுத்து வைத்திருந்ததை அப்போது வெளியே எடுத்தார்.

"தறியில உக்கார மாட்டேன்னான். பாவுலயே உக்காந்துட்டான்."

தெருவே சிரித்தது. அழுதுகொண்டிருந்த ஏகாம்பரம் அண்ணனின் அம்மா கூடச் சிரித்துவிட்டார்கள். பிறகு அப்பா சிரிக்காமல் சொன்னார்: "அறுந்த இழை பூரா நீதான் புணைக்கணும். கடைசி இழை முடியற வரைக்கும் வூட்டுப் பக்கம் வராத."

விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, அறுந்த இழையின் இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்க வேண்டும். முடிச்சு தெரியக் கூடாது. நூற்றுக்கணக்கான இழைகள். எனக்கு மறந்தே போயிருந்த வேலை. எதிரில் உட்கார்ந்து கனகவல்லிதான் கற்றுக்கொடுத்தாள். நான் பத்து முறுக்குவதற்குள் அவள் ஐம்பது முறுக்குவாள், நான் முறுக்கிய பத்தில் ஆறைப் பிரித்து மறுபடியும் முறுக்குவாள்.

படத்தைத்தான் மறந்துவிட்டோம். ஏகாம்பரம் அண்ணன் மட்டும் மறக்கவில்லை. கேமராவை ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். மதியம் ஈரம் காயாத படத்தோடு வந்து வாசலில் நின்றார். படத்தை எங்களுக்கு நேராக நீட்டினார்.

அப்படி ஒரு படத்தை நான் பிறகு எடுத்ததே இல்லை. பதினோரு பேர், வாயைப் பிளந்துகொண்டு, கையை விரித்துக்கொண்டு, பாய்ந்து வருகிறார்கள். தணிகாசலம் முழுசாக, தரையை விட்டு ஒரு முழ உயரத்தில் இருக்கிறான். எதிரணி ஆளைப் பிடிக்கப் பாய்கிற சடுகுடு அணி என்றால் அதுதான். ஒரே ஒரு குறை. எல்லாருக்கும் முன்னால் பாய்ந்த தலைவரின் முகம் படத்தில் இல்லை. இடது ஓரத்தில் ஓர் உள்ளங்கை மட்டும் பெரிதாக இருந்தது.

வேறு வழியில்லாமல் அதையே மனுவில் ஒட்டி, செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார். அங்கே மனு வாங்கிய அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தாராம்.

"கேப்டன் எங்கய்யா?"

ஏகாம்பரம் அண்ணன் தன் வலது கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தார். நாடாக் கயிறு இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலடியில் காய்த்திருந்த காய்ப்பு, படத்திலும் அதே இடத்தில் இருந்தது. அதிகாரி கையையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நாலு வருஷமா வெறப்பா நிக்கிற படமாப் பாத்துப் பாத்து அலுத்துட்டேன்யா. இவங்கதான் ஆடறாங்க," என்று முத்திரை குத்தினாராம்.

நாடா பிரதர்ஸ் போட்டிக்குப் போனார்கள். முதல் ஆட்டத்தில் ஜெயித்து, இரண்டாவதில் தோற்று, ஜெயித்தவர்கள் மாதிரியே திரும்பி வந்தார்கள். அந்த ஆட்டத்தை நான் படம் எடுக்கவில்லை. இழை புணைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த ஆளை நினைத்தால் அவ்வளவாக இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்கும் கனகவல்லிக்கும் கல்யாணம். மணவறைக்கு முன்னால் எங்களை நிற்கவைத்து, படக்காரர், "மாப்பிள்ளை, கொஞ்சம் பின்னாடி போங்க," என்றார். பந்தலின் மூலையிலிருந்து பன்னிரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன: "பாவு!" கனகவல்லி என் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பின்னால் போகிற எதற்கும் அந்த ஒரு சொல்தான். பூப்பந்து, வாலிபால், கால்பந்து என்று ஜில்லா முழுக்க எத்தனையோ அணிகளைப் படம் எடுத்துவிட்டேன். கூட வருகிறபோதெல்லாம் அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.

போன மாதம் பேரன் புதுக் காரை வாசலிலிருந்து பின்பக்கமாக எடுத்தான். பின் சீட்டிலிருந்து கனகவல்லி, "டேய், பாவு! பாவு!" என்று கத்தினாள். பெங்களூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பாவை அவன் கண்ணால் கண்டதே கிடையாது. ஆனாலும் டக்கென்று பிரேக்கை மிதித்தான்.