கொசுவலை போட்டுப் பிடித்த மீன்

கூச்ச சுபாவம் உள்ளவனால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. சுத்தப் பொய். கூச்சக்காரனுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. இரண்டு பேர் வந்து நேர் எதிரான இரண்டு காரியங்களைக் கேட்டால், இருவரிடமும் தலையாட்டிவிட்டு வருவான். ஒரு மலேரியா இன்ஸ்பெக்டருக்கே மலேரியா வந்தது இப்படித்தான். தலையாட்டியவன் நான்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நிலத்தை மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். மேடாக்க மண் வேண்டும். மண் எடுத்த இடமெல்லாம் பள்ளம். மழை பெய்தால் பள்ளமெல்லாம் குட்டை, குட்டையெல்லாம் கொசு. எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் அந்தப் பள்ளங்களின் ஓரமாகவே குடிசை போட்டு, புழுக்கம் தாங்காமல் வெளியே படுத்தார்கள். யாராவது ஒருவர் ஊரிலிருந்து காய்ச்சலோடு வருவார். அதை மற்றவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற வேலையைக் கொசு பார்த்துக்கொள்ளும்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு எனக்கு மலேரியா பிரிவில் தற்காலிக வேலை கிடைத்தது. எங்கள் இன்ஸ்பெக்டர் அங்கே ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். ஒருநாள் ஒரு தகர டின் நிறையச் சின்னஞ்சிறு மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கொசுப்புழுவைத் தின்று தீர்க்கிற ஜாதி.

"குடிதண்ணிக் கெணத்துல உட்டுடு. ஊட்டுக்காரங்ககிட்ட பதமா எடுத்துச் சொல்லிட்டு உடு. பெரிய ஆபீசர் வந்து பாக்கப் போறாரு. கெணத்துல மீன் இருந்தா உன் வேல பர்மனென்ட்டு. இல்லன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

தலையாட்டினேன்.

பள்ளிக்கூடம் இருந்த தெருவுக்கே நல்ல தண்ணீர் காமாட்சியம்மாள் வீட்டுக் கிணற்றில்தான். (மற்றதெல்லாம் உப்பு.) நான் போனபோது அந்த அம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பதமாக எடுத்துச் சொல்லத்தான் போனேன்.

"டின்னுல இன்னா தம்பி?"

"மருந்தும்மா."

கிணற்றில் கவிழ்த்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு அந்த வீட்டில் கவுச்சியை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. (யாராவது எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். நான்தான் யாரிடமும் பேசுவதில்லையே.) அடுத்து வந்த கிருத்திகை அன்று, முருகன் தலையில் சொம்புத் தண்ணீரை ஊற்றினார்கள். மருந்து துள்ளி விழுந்து வாலை ஆட்டியது.

அன்றோடு கிணறு மூடப்பட்டது. தெருவே தூரத்து ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, குடத்திலும் தொட்டியிலும் சேர்த்து வைத்தது. சில நாளில் வீட்டுக்கு வீடு கொசுப்புழு. (கொசுவை ஒழிக்கத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.)

"கெணத்துல ஒரு மீன் இருக்கற வரிக்கும் அந்தத் தண்ணில நான் ஒல வெக்க மாட்டேன். நீதான தம்பி போட்ட, நீயே எடு" என்றார் காமாட்சியம்மாள்.

தலையாட்டினேன். ஆபீசர் வருகிற அன்று காலையில் திரும்ப விட்டுவிடலாம், அவர் போனதும் மறுபடி எடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

எல்லப்பனைக் கூப்பிட்டேன். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். மீன் படாத மாதங்களில் இங்கே மண் சுமக்க வருவார். கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இத மீனுன்னு சொல்லியா என்ன இட்டாந்த? எங்க வலைக் கண்ணுல இது குடும்பத்தோட பூந்து போயிக்கினே இருக்கும். இதுக்குக் கொசுவலதான் சரி."

ஊரில் இருந்ததே ஒரு கொசுவலை. அது இன்ஸ்பெக்டருடையது.

"சார், வல அழுக்கா கீது. தொவச்சாந்து தரட்டுங்களா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் நானாகத் தொடங்கிய முதல் பேச்சு அது. மனிதர் நெகிழ்ந்துபோனார்.

நாலு மூலையிலும் கயிறு கட்டி, நடுவில் கல்லைப் போட்டு, பொரி தூவி வலையை இறக்கினோம். தெருவே கூடி நின்று யோசனை சொன்னது. காமாட்சியம்மாளின் மகள் சாந்தி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கயிறு என் கையிலிருந்து நழுவி நழுவிப் போனது. சாயங்காலத்துக்குள் மீன் எல்லாம் டின்னுக்கு வந்துவிட்டது. வலை மட்டும் கிணற்றுக் கல்லில் மாட்டி, ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது.

"இத இன்னா பண்றது?" என்று எல்லப்பன் டின்னைக் காட்டினார். நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள், தன் குடிசைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிவிட்டார்.

கிழிசல் உள்பக்கம் போகும்படி வலையை மடித்துக் கட்டிலில் செருகினேன். இன்ஸ்பெக்டர் அதற்குள்ளேயே படுத்தார். "தொவச்சதுலேருந்து கொசு ஜாஸ்தியா கீதுப்பா" என்று தினமும் சொறிந்துகொண்டார். பதினைந்து நாள் போல ஆனதும் குளிர்காய்ச்சல். அவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தவன் நானேதான். மலேரியா.

அவர் இருந்த போர்வையெல்லாம் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசரின் ஜீப் வந்து நின்றது.

"நீயே... இட்டுக்கினு போயி... கெணத்தக் காட்டுப்பா" என்றார் இன்ஸ்பெக்டர், பல் தந்தியடிக்க.

ஆபீசர் கிணற்றை எட்டிப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"மீன் எங்க?"

பக்கத்துப் பள்ளத்தில் அந்த மீன்கள் குட்டி போட்டுப் பெருகி, ஒரு புழுவைக்கூட விட்டுவைக்காமல் தின்றுகொண்டிருந்தன. கூப்பிடு தூரம்தான். கையைக் காட்டினால் போதும், வேலை நிரந்தரம். கை எழவில்லை.

எனக்காகக் காமாட்சியம்மாள் பேசினார்.

"மீனா? எங்க கெணத்துலயா? நல்லாத் தேடிப் பாருங்க சார், ஒண்ணு கெடச்சா என்னக் கேளுங்க. இந்தத் தம்பிதான் கொசுவலயப் போட்டு ஒண்ணு உடாம எடுத்துச்சு."

"யாரோட கொசுவலை?"

"இவுங்க இன்ஸ்பெக்டரோடதுதான். பாவம், வல கிழிஞ்சே போச்சு. அப்பவும் உடலயே இந்தப் புள்ள. இந்த மாதிரி ஆளுங்களத்தான் சார் நீங்க பர்மனென்ட் பண்ணணும்."

அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று அந்த அம்மாள் மனதில் பதிந்துபோனேன். விட்டுப்போன சொந்தம் என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். மேடாக்கிய நிலத்தில் வந்த தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததும் சாந்தியைக் கட்டிக் கொடுத்தார்கள். (சம்மதமா என்று கேட்டார்கள். தலையாட்டினேன்.) மீன் குழம்பு அன்றோடு நின்றது.

இப்போது எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாமியார் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஆரம்பித்துவிடுவார்.

"எங்க மாப்ள அப்பவே கவர்மெண்டு வேலைல இருந்தவரு. எங்க கெணத்த அவ்ளோ சுத்தமா பண்ணிக் குடுத்தாரு. ஆபீசராண்ட நானே எவ்ளோ எடுத்துச் சொன்னேன். அப்படியும் வேலைய உட்டுத் தூக்கிட்டானுங்க. எதுக்குன்னு இன்னி வரிக்கும் தெரில."

சாந்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடுவார்கள்.

"நீங்களாவது சொல்லுங்க மாப்ள, எதுக்குத் தூக்கனானுங்க?" என்று மாமியார் என் பக்கம் திரும்புவார்.

நல்லவேளையாக, அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.