திங்கள் அண்ணை எங்கே வசிக்கிறார்?

இரண்டு கன்டோன்கள் உரிமை கோரி இழுபறிப்பட்ட ஒரே தமிழன் எங்கள் திங்கள் அண்ணைதான். கன்டோன் என்றால் சுவிட்சர்லாந்தின் மாகாணம். இருபத்தாறு இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனிச் சட்டம், தனித் தலைக்கனம். ஐம்பது வயதுவரை ஒரு பெண்கூட 'இந்த மனிசன் எனக்கு வேணும்' என்று கேட்டிராத ஆளை இரண்டு அரசாங்கங்கள் கேட்டன. கேட்டது என்னவோ அவருடைய வரியைத்தான்.

அவர் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். பனிச்சறுக்க வருகிற பணக்காரர்கள் சனி ஞாயிறில்தான் குவிவார்கள் என்பதால் அவருக்கு லீவு திங்களும் செவ்வாயும். திங்கள் காலை ரயில் மாறி மாறி, வேறு கன்டோனில், ஊஸ்டரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். அங்கே ஒரு சின்ன அறை அவருடையது. செவ்வாய் பின்னேரம் திரும்பிப் போவார். பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் எங்கள் தபால் பெட்டியில், என் பெயருக்குக் கீழே ஒட்டிய துண்டுக் கடதாசியில் மட்டும் இருந்தது.

அவர் வருகிற நேரம் வீட்டில் ஈ காக்கை இராது. நான் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை, மனைவி பள்ளிக்கூடம் துப்புரவாக்குகிற வேலை, பிள்ளைகள் இரண்டும் படிக்கப் போய்விடும். அண்ணை தன் திறப்பால் கதவைத் திறந்து, கழுவி அடுக்கிய பாத்திரங்களை எல்லாம் இறக்கி மறுபடி கழுவுவார். மனைவிக்குப் பத்திக்கொண்டு வரும்.

"அஞ்சு நாள் அங்க கழுவுறது காணாதோ அண்ணை?"

"அது சம்பளத்துக்கு, பிள்ளை. இது வீட்டுக்கு."

தற்காலிக அனுமதியில் இருந்த காலமெல்லாம் வரியை ஹோட்டலே சம்பளத்தில் வெட்டிக் கட்டியது. எங்கே வசிக்கிறாய் என்று ஒரு குஞ்சும் கேட்கவில்லை. இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு நிரந்தர அனுமதியான சி பெர்மிட் கிடைத்தது. லட்டு வாங்கி மாடி மாடியாகக் கொடுத்தார். அந்த லட்டுத் தின்ற வாய் காயமுதல் சனியன் வந்து சேர்ந்தது. இனி வரிப் படிவத்தை அவரே நிரப்ப வேண்டும். ஊஸ்டரில் நிரப்பிக் கொடுத்தார். டாவோஸ் இருக்கிற மலைக் கன்டோனிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. கிழமையில் ஐந்து நாள் இங்கே வேலை செய்து, இங்கேயே படுக்கிற, குடும்பமில்லாத ஆள் இங்கேதான் வரி கட்ட வேண்டும். இல்லை என்றால் உம்முடைய வாழ்க்கையின் மையம் வேறிடம் என்று நிரூபியும். என் மகள்தான் ஜெர்மனை வாசித்துச் சொன்னாள்.

"வாழ்க்கையின்ர மையம் எங்க எண்டு கேக்கினம், பெரியப்பா."

"உவங்களுக்கென்ன விசரோ? இஞ்சதான்" என்று சாப்பாட்டு மேசையில் தட்டினார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க கட்டினா என்ன அண்ணை, காசு ஏறத்தாழ ஒண்டுதானே?" என்றேன். இரண்டு திங்கள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாவது திங்கள் சொன்னார்:

"காசுக்கில்லை தம்பி. அங்க எனக்கு ஒரு கட்டில் கிடக்கு. இஞ்ச எனக்கு ஒரு வீடு கிடக்கு. அதை ஒருத்தன் கடதாசியில மாத்தி எழுத விடேலாது."

அதன் பிறகு அந்த மனிசன் போட்ட கூத்து கொஞ்சமல்ல. ரயில் டிக்கெட்டெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போயின. தலையில் எண்ணி எடுக்கக்கூடிய மயிருக்கு மாதம் இருமுறை ஊஸ்டரில் முடிவெட்டி ரசீது வாங்கினார். திரிம்பாக் அம்மன் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றபோது ஐயர், "பேர், நட்சத்திரம்?" என்று கேட்க, இவர் வீதிப் பெயர், வீட்டு இலக்கம், ஊஸ்டரின் தபால் எண் எல்லாம் சொல்லி, "ரசீதில வடிவாப் போடுங்கோ ஐயா" என்றாராம். அம்மன் எந்தக் கன்டோன் என்று கேட்காமல் விட்டது பெரிய காரியம்.

மலைக் கன்டோன் அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி: எந்தச் சங்கத்தில் அங்கத்தவர்? ஊஸ்டரில் திங்கள் பின்னேரம் கூடுகிற ஒரேயொரு சங்கத்தைத் தேடிப் பிடித்தார். முயல் வளர்ப்போர் சங்கம்.

"முயல் இருக்கிறதா?" என்று தலைவர் கேட்டிருக்கிறார்.

"இல்லை. ஆனா விருப்பம்."

வெள்ளைக்கார முயல்காரர் பன்னிரண்டு பேர் நடுவில் இவர் கோட் போட்டுக்கொண்டு இருக்கிற படமும் டின்னுக்குள் போனது.

இன்னொரு கேள்வி: உமக்கு நெருக்கமானவர்கள் யாராவது அங்கே வசிக்கிறார்களா? எங்கள் நாலு பேரின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதியிருந்தார். ஒன்றும் பிழையில்லை. என் மகனின் பிறந்த நாளை இரண்டு நாள் தள்ளிச் சொல்கிற தகப்பன் நான்.

கடைசியாக வீட்டுக்காரன் என்று எனக்கும் ஒரு படிவம் வந்தது. இவர் என்ன வாடகை தருகிறார்? ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள் பிரிட்ஜுக்கு மேலே ஓர் உறை வைப்பார். நாங்களும் காணாத மாதிரி எடுப்போம். ஆனால் எங்கட மனிசனிடம் வாடகை வாங்குகிறேன் என்று வெள்ளைக்காரனுக்கு எழுதுவதா? மானம் என்னாவது? 'ஒரு சதமும் வாங்குவதில்லை. இவர் எங்கள் மதிப்புக்குரிய விருந்தாளி. எப்போது வந்தாலும் எழுந்து நின்று வரவேற்போம்' என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அழகாக எழுதி, யாருக்கும் காட்டாமல் தபாலில் போட்டேன். மானம் பாதிதான். அந்த வாடகை என் வருமானத்தில் ஏறி எனக்கு வரி கூடிவிடும் என்ற பயம் மற்றப் பாதி.

முடிவு வந்தது ஒரு திங்கள். எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தோம். மகள் வாசித்தாள். வாடகை கட்டாதவர், விருந்தாளியாகத் தங்குபவர் என்று வீட்டுக்காரரே எழுதியிருப்பதால் இவருடைய வாழ்க்கையின் மையம் டாவோஸ்.

"அப்பா, இது நீங்க எழுதினதோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். "மரியாதையாத்தான் எழுதியிருக்கிறீர்" என்றார்.

"முப்பது நாளுக்குள்ள மறுத்து எழுதலாம் அண்ணை. வாடகை வாங்கிறனான் எண்டு நான் எழுதித் தாறன்."

"எழுதினா முதல் எழுதினது பொய்யெண்டு வரும். உம்மட வரியையும் கிண்டுவாங்கள். பிள்ளையள் இருக்குதுகள். விடும்."

விட்டேன். அவர் சொன்னதால் விட்டேன் என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. த்தூ, நானும் ஒரு மனிசன்.

அடுத்த திங்கள் நான் காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன். வாசல் மணி அடித்தது. திறந்தால் அண்ணை.

"திறப்புத் துலைஞ்சு போச்சோ?"

"கிடக்கு. விருந்தாளி மணி அடிச்செல்லோ வரவேணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தபால் பெட்டியில் அவர் பெயர்த் துண்டை அவரே உரித்திருந்தார். அதற்குப் பிறகு, நாங்கள் வேலை முடிந்து வரும்வரை ஊஸ்டர் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் பையோடு குந்தியிருக்கிறார் என்று மனைவி கண்டு வந்து அழுதாள். வீட்டில் பாத்திரங்கள் ஒரு தரம் கழுவியபடியே கிடந்தன.

எட்டுத் திங்கள் பொறுத்தேன். பிறகு முதலாளியிடம் போய்த் திங்கட்கிழமை லீவு கேட்டேன். என்ன காரணம் என்றார். "எங்கட வீட்டு ஆள் ஒருத்தர் அண்டைக்குத்தான் வாறவர்" என்றேன். பெயர்த் துண்டைப் புதிதாய் எழுதித் தபால் பெட்டியில் ஒட்டினேன். இனி ஸ்டேஷனில் இருக்க வேண்டாம், வீட்டில் நான் இருப்பேன் என்று அண்ணைக்கும் போன் பண்ணிச் சொன்னேன். அந்தத் திங்கள் பதினொரு மணிக்கு மணி அடித்தது.

"திறப்புக் கிடக்கெல்லோ, திறந்துகொண்டு வாங்கோ!" என்று இருந்த இடத்திலிருந்து கத்தினேன்.

மறுபடி மணி. "நீர் வந்து திறவும்!"

"மாட்டன்!"

எதிர்வீட்டுச் சுவிஸ் மனிசி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு மணி அடிக்கவில்லை. போய்விட்டாரோ என்று எழும்பப் பார்த்தேன். அப்போதுதான் பூட்டுக்குள் திறப்புத் திரும்பியது. அண்ணை பையோடு உள்ளே வந்து என் முன்னால் நின்றார்.

"ஒரு மனிசன் வந்து நிக்கிறன். எழும்ப மாட்டீரோ?"

நான் எழும்பவில்லை. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அடுப்படியில் பாத்திரங்கள் இறங்கும்வரை அப்படியே இருந்தேன். வீட்டு ஆள் வந்ததற்கு யாராவது எழும்புவார்களா?