பீரங்கிக்காக ஓடியவர்

நாய் வளர்ப்போர் தத்தம் நாய்களுடன் பாதுகாப்பாகவும் மகிழ்ச்சியாகவும் பொழுதைக் கழிக்க வேண்டும் என்ற உயரிய நோக்கத்துடன் எங்கள் நகராட்சி ஒரு பூங்காவைத் திறந்தது. திறந்த கையோடு, தெருவில் நாய்களை ஓடவிடக் கூடாது என்று தடையும் போட்டது. பூங்கா இருக்கும்போது தெரு எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இந்த நியாயத்தில் வசமாக மாட்டிக்கொண்டவர் எங்கள் தெருத் தையற்காரர். அவருடைய நாயின் பெயர் பீரங்கி. அது ஒருமுறை குரைத்துக் கேட்டவர்கள் பெயர்க்காரணம் கேட்பதில்லை. பகல் முழுக்கத் தையல் மெஷினுக்கு அடியில் முடங்கிக் கிடந்துவிட்டு, இருட்டினால் மாடிவீட்டிலிருந்து தெருவையே எழுப்பும். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசக் கடைசிக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லன்னா நாயை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க."

தையற்காரருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. பீரங்கிதான் பிள்ளை. கலங்கிப்போய் கால்நடை டாக்டரிடம் ஓடினார். "தினம் நல்லா ஓட விடுங்க. குரைப்பு தானா அடங்கும்" என்றார் டாக்டர்.

பூங்கா வாசலில் பாதுகாப்பு அலுவலர் கழுத்தில் விசிலோடு நின்றார்.

"சார், நாயை உள்ள விடலாமா?"

"தாராளமா. அந்த மரத்தடியில கட்டிடுங்க."

"ஓட விடணுமே சார்?"

"பந்து எடுக்கறது, வளையம் தாண்டறது, குழாய்க்குள்ள நுழையறது, ஒளிச்சு வச்ச பிஸ்கட்டை மோப்பம் பிடிக்கறது, எல்லா விளையாட்டும் இருக்கு. ஆனா இதெல்லாம் நாய்க்குப் பாதுகாப்புன்னு யார் சொன்னது?"

"நீங்கதானே சார் சொல்லணும்?"

"நான் எப்படிய்யா சொல்லுவேன்? எனக்கு நாயே கிடையாது."

"அப்ப நாயை விட்டுப் பாத்துடலாமே?"

"அடிபட்டா? அது வாயைத் திறந்து சொல்லுமா? அதனால நாய்மேல யாருக்கு அக்கறை இருக்கோ, அவங்க முதல்ல செஞ்சு காட்டணும். உங்களுக்கு அக்கறை இருக்கா, இல்லையா?"

தையற்காரருக்கு அக்கறை இருந்தது. பீரங்கியை மரத்தடியில் கட்டினார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார். விசில் ஊதியது. அலுவலர் பந்தை வீசினார். இவர் ஓடிப்போய் எடுத்து வந்தார். கையில் எடுத்து வந்தது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. நாய்க்கு ஏது கை?

பந்தில் தேறி வளையத்துக்கு வந்தார். வளையத்தில் தேறியதும் மழை பிடித்துக்கொண்டது. வெயிலில் பாதுகாப்பு என்பது மழையில் பாதுகாப்பு ஆகாது என்பதால் மறுபடி பந்திலிருந்து ஆரம்பித்தார்கள். மனுஷன் நாய் படாத பாடு பட்டார். உள்ளபடியே, எந்த நாயும் அங்கே ஒரு பாடும் படவில்லை. எல்லாம் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

இதற்குள் ஊருக்கே இந்த ஆசை தொற்றிவிட்டது. முட்டிக்கு உறை, வாயில் கவ்வ வாசனைப் பந்து என்று கடைகளில் தொங்கின. பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்களுக்குக் குழாய் முடிஞ்சுதா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். நாயே இல்லாத பல் டாக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். கேட்டதற்கு, "நாய் கட்டாயம்னு எங்க போட்டிருக்கு?" என்றார். தேடிப் பார்த்தார்கள். எங்கும் போட்டிருக்கவில்லை. மோப்பத்தில் அவர்தான் முதல்.

"மெஷின் தூசி படிஞ்சு கிடக்கு. தைக்கக் குடுத்தவங்க வந்தா நான் என்ன பதில் சொல்றது?" என்று தையற்காரரின் மனைவி கத்தினாள்.

"அவங்க யாரும் வரமாட்டாங்க. எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. குழாய்ப் பரீட்சைக்காக அங்கே பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

மாதக் கடைசியில் வீட்டுக்கார அம்மா மாடியேறி வந்தார். தையற்காரர் சட்டென்று பீரங்கியைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க. மோப்பம் ஒண்ணுதான் பாக்கி. அது முடிஞ்சா இவனை ஓட விட்டுடுவாங்க."

"ஏன் பயப்படறீங்க? பீரங்கி இப்பல்லாம் குரைக்கறதே இல்லையே. தங்கமான நாய்!"

அதுவும் உண்மைதான். பூங்காவில் தினமும் பார்த்துவிட்டு வருகிற காட்சிகளுக்குப் பிறகு அதற்குக் குரைக்கத் தோன்றவே இல்லை.

"ஆனா ராத்திரியெல்லாம் மேல தடதடன்னு ஒரே ஓட்டம். எதையோ தாண்டறீங்க, எதுக்குள்ளயோ உருள்றீங்க. எனக்குத் தூக்கமே போச்சு. அதனால, நாய் இருக்கட்டும். நீங்க வேற வீடு பாத்துக்கங்க."

தையற்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பூங்காவில் விசில் ஊதியது. திறந்த வாயோடு எழுந்தவர், செருப்புக்கூட மாட்டாமல் மாடிப்படி இறங்கி ஓடினார். "பந்தை மறந்துட்டீங்களே!" என்று அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள் மனைவி. வீட்டுக்கார அம்மா படியருகே வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு அவரும் ஓடினார்.

படிக்கட்டின் உச்சியில் பீரங்கி வந்து உட்கார்ந்தது. வெகுநாள் கழித்து ஒரே ஒருமுறை குரைத்தது. தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று அது வாசலில் படுத்துக்கொண்டது.