பெராக்சைடுக்காக என் பேத்தியை ஒதுக்கலாமா?

ஊரப்பாக்கத்தில் கெமிஸ்ட்ரி டியூஷன் நடத்தும் உடன்பிறந்த தம்பி துளசிங்கத்துக்கு, தாம்பரத்திலிருந்து அக்கா தாயாரம்மாள் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் மனைவியும் இருக்கட்டும்.

இங்கே சுகமில்லை. என் பேத்தி மிருதுளா நேற்று உன் டெஸ்ட் முடிந்து வந்ததிலிருந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கிடக்கிறாள், சோறு வேண்டாமாம், அத்தனை பிள்ளைகள் நடுவில் "உனக்கு சயின்ஸ் ஆவாது, வேற குரூப் பாத்துக்கோ"ன்னு சொன்னியாமே, முழுப் பரீட்சை அடுத்த வாரம், அவள் படிப்பையே விட்டுவிட்டால் யார் பொறுப்பு?

அப்படி என்ன தப்பு செய்தாள்? இரட்டைக் கோடு போட்டு நிற்கிற கார்பன் இரண்டு பேர். ஒருவனிடம் ஹைட்ரஜன் இரண்டு, மற்றவனிடம் ஒன்று. புதிதாக வருகிற ஹைட்ரஜன் யாரிடம் சேரும் என்பது மனசில் நிற்கவில்லை என்று அழுதாள். நான்தான் சொன்னேன்: "எங்கம்மா விரால் வறுத்தப்போ, ரெண்டு துண்டு வச்சிருந்த உன் டியூஷன் தாத்தா தட்டுலதான்டி மூணாவதும் வுழுந்துது. ஒண்ணு வச்சிருந்த நான் பாத்துகினே இருந்தேன். இருக்கறவன்கிட்டயேதான் போவும்." உடனே பிடித்துக்கொண்டாள். டெஸ்டிலும் அப்படியே எழுதினாள். நீயோ, "ஹைட்ரஜன் புரோமைடோட பெராக்சைடு இருந்தா தலைகீழாப் போவும், அம்புக்குறி மேல எழுதியிருக்கறது கண்ணு தெரியல?" என்று கத்தினாயாம்.

அது யார் பெராக்சைடு என்று கேட்டேன். கதவுக்கு உள்ளேயிருந்தே சொன்னாள்: "கொஞ்சூண்டுதான் ஆயா இருக்கும். ஆனா யார் எங்க போவணும்னு அதுதான் மாத்திடும்."

புரிந்துவிட்டது. நம் வீட்டுக்கும் ஒன்று வந்தது. பெயர் வேண்டாம், உன் பிள்ளைகளைப் பெற்றவள். அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றினவன், தாலி கட்டின வாரமே தனி அடுப்பு வைத்தாய். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பச்சை வாயில் புடவை, எனக்கா மறக்கும்?

இன்றே வந்து பிள்ளையிடம் நல்லதாய் நாலு வார்த்தை பேசு. வராவிட்டால் உன் வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன். போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். பக்கத்து வீட்டு வில்பிரட் உன் வழியாகத்தான் வேலைக்குப் போகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

முருகன் உன் பிள்ளைகளுக்கு ஆயுசும் உனக்குப் புத்தியும் தரட்டும்.

அக்கா,
தாயாரம்மாள்

பி.கு.: கவரை ஒட்டும்போது மிருதுளா வெளியே வந்தாள். நீ திட்டினது நேற்றே ஆறிப்போச்சாம். உள்ளே பிஸ்கட் தின்றுகொண்டு பெராக்சைடு பாடத்தை முழுக்கப் படித்து முடித்துவிட்டாள். "நீ பேசிக்கினே இருந்தா எப்புடி ஆயா படிக்கறது? அதான் தாழ்ப்பா போட்டேன்" என்கிறாள். பரீட்சை முடியும்வரை உன் வீட்டில்தான் இருக்கப்போகிறாளாம், அங்கே சத்தம் இருக்காதாம். பெட்டி கட்டியாயிற்று. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? நானும் வருகிறேன். குளிக்க வெந்நீர் போட்டு வைக்கச் சொல்.