மாடிக் காக்காவின் மாடி

எங்கள் கரையில் புளுகுக்கென்று ஒரு தேர்தல் வைத்திருந்தால், மாடிக் காக்காவை எதிர்த்துக் கட்டுப்பணம் கட்ட ஒரு மனிதர் முன்வந்திருக்க மாட்டார். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; கல்முனையில் எங்கள் வீதியில் அவருக்குச் சைக்கிள் திருத்தும் கடை. டியூபில் ஓட்டை தேடுகிற நேரத்தில் அவர் அவிழ்த்துவிட்ட கதைகளைப் பிடித்து டயரில் அடைத்திருந்தால் ஊரில் யாருக்கும் பம்ப் தேவைப்பட்டிருக்காது.

எழுபதுகளின் கடைசியில் வந்த சூறாவளி எங்கள் வீதியைத் துடைத்துவிட்டுப் போனது. கிடுகு வேலி, தென்னை, கடை, கடையின் கூரை எல்லாம் போச்சு. பிறகு ரோட்டை அகலமாக்கினார்கள், கல் மதில் எழுப்பினார்கள். கொஞ்ச வருடத்தில் பழைய வீதி எப்படி இருந்தது என்பதே ஆளுக்கொரு கதையாகிவிட்டது. நம்முடைய ஆளுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

“சூறாவளிக்கு முந்தி இந்த ரோட்டுல மாடி வச்சிருந்த ஒரே ஆள் நான்தான் தம்பி. மாடியில நிண்டு பாத்தா கடல்ல போற கப்பல்ட பேர வாசிக்கலாம்.”

எதிர் வளவில் இருந்த மரைக்கார் இதைக் கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். “மாடியா? கடைக்கு மேல பலகைப் பெட்டியொண்டு கிடந்த. அதுக்குப் பேரு மாடியெண்டா என்ட தொப்பிக்குப் பேரு பள்ளிவாசல்.”

எனக்குச் சின்ன வயது ஞாபகத்தில் அந்தக் கடைக்கு மேல் என்னவோ ஒன்று இருந்தது. அது மாடியா என்று சத்தியம் பண்ணச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

இதெல்லாம் சிரிப்பாய்ப் போய்க்கொண்டிருந்தது, காக்காவின் மகளுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை பேசுகிற வரைக்கும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து வாழ்வார், வீடு பெண்ணுக்கு. ஆகவே பெண்ணைப் பற்றிக் கேட்கும் முன் வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். காக்கா அப்போது இருந்தது தகரக் கொட்டிலில். “கலியாணத்துக்கு முந்தி கல்லூடு கட்டித் தருவன். மாடி கட்டி ஆண்டவன் நான்” என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். மாப்பிள்ளையின் சாச்சா, அதாவது சித்தப்பா, விவரமானவர். வீதியில் விசாரித்தார். வீதி வயிறு குலுங்கச் சிரித்தது.

சாச்சாவிடமிருந்து சொல் வந்தது: “இல்லாத மாடியச் சொன்ன மனிசன், கட்டாத ஊட்டையும் சொல்லத்தானே செய்வாரு? வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பொறகு வாறம். மாடி இருந்ததுக்கு ஒரு அத்தாட்சி காட்டட்டும். இல்லாட்டி வேற இடம் பாக்கிறம்.”

காக்கா என் வாசலில் வந்து நின்றார். முகத்தில் புளுகின் பொட்டு வெளிச்சம்கூட இல்லை. “தம்பி, புள்ள ராவெல்லாம் அழுகிறா. ஆரிட்டயாவது பழைய படமொண்டு இரிக்கும். வா, தேடுவம்.” எனக்கும் வேலை கிடைக்காத காலம். புறப்பட்டேன்.

வீடு வீடாய் ஏறினோம். படங்கள் இருந்தன, வீதிதான் இல்லை. பஸாரில் இருந்த ஒரே ஸ்டூடியோவில் ஒரு துணியில் குளம் வரைந்து, அதில் இரண்டு அன்னத்தையும் விட்டிருந்தார்கள். பெருநாளைக்கு அங்கே, சுன்னத்துக்கு அங்கே, சவுதிக்குப் போகிறவனும் அங்கே. எங்கள் வீதியில் பிறந்த ஆண்பிள்ளை அத்தனை பேரும் அந்தக் குளக்கரையில்தான் விறைத்துக்கொண்டு நின்றார்கள். கிடுகு வேலியைப் படமெடுத்து யார் காசை அழிப்பார்?

“எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போன காத்து, இந்தக் குளத்த மட்டும் உட்டுட்டுப் போயிட்டே” என்று காக்கா அந்தக் குளத்தை ஏசினார்.

ஒரு வீட்டில் வாசலில் எடுத்த படமொன்று கிடைத்தது. காக்கா டியூபைப் பார்ப்பதுபோல அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்காரர், மவுத்தான தன் வாப்பாவின் படம் என்று கண் கலங்கினார். “நல்ல மனிசன்தான்” என்றார் காக்கா. “ஆனா என்ட கடைய மறைச்சிக்கிட்டு நிக்கிறாரே. கொஞ்சம் தள்ளி நிண்டிருக்கப்படாதா?” நாங்கள் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமலே வெளியேற வேண்டியதாயிற்று.

இன்னொரு வீட்டில் மாப்பிள்ளை ஊர்வலப் படம், சரியாக எங்கள் சந்தியில் எடுத்தது. காக்கா பிஸ்மி சொல்லிக் கையில் வாங்கினார். மாப்பிள்ளையின் தலைக்கு மேலே நாலு கம்பில் மேலாப்புச் சேலை பிடித்திருந்தார்கள். கடைக்குக் கதவு தெரிந்தது, சுவர் தெரிந்தது, அதற்கு மேலே பூப்போட்ட சேலைதான் தெரிந்தது. காக்கா அந்தச் சேலையை விரலால் விலக்கிப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும் வழியில் மனிதர் சைக்கிளிலிருந்து குதித்தார். “சுறா” என்றார். பெரியநீலாவணைக் கந்தையா அண்ணன் ஒருமுறை ஆளை விழுங்கும் சுறா ஒன்று பிடித்தாராம். அதைத் தூக்கிக் கட்ட உயரமான இடம் வேண்டுமென்று காக்காவின் மாடியில்தான் கட்டினார்களாம். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த ஐயா ஒருவர் படமும் எடுத்தாராம். வழக்கமான புளுகு என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால், கந்தையா அண்ணன் வீட்டுச் சுவரில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டுச் சுறா தொங்கிக்கொண்டிருந்தது.

“கொண்டு போங்க காக்கா. ஆனா பத்திரம். அந்த மீன மறுகா புடிக்கேலாது” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை சாச்சா இரண்டு பேரோடு வந்தார். சாட்சிக்கு மரைக்காரையும் கூப்பிட்டிருந்தார். படம் கை மாறியது; அப்போதுதான் நானும் அதை நிதானமாகப் பார்த்தேன். கடைக்கு மேலே மாடி இருந்தது, மெய்தான். ஆனால் சுறாவின் வால் நிலத்தில் கிடக்க, தலை மாடிச் சன்னலைத் தொட்டது. பக்கத்தில் நின்ற கந்தையா அண்ணன் மாடியை எட்டிப் பிடித்திருந்தார். அதைவிட மோசம், அந்தச் சன்னலுக்கு ஒரு குட்டி ஏணி, சன்னலில் ஒரு கோழி. உள்ளே உட்கார்ந்து, வீட்டுக்காரியைப்போல வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சீலைத் திரைக்குப் பின்னால் பெண்ணின் உம்மா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மரைக்கார் படத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“ஓம், மாடிதான். எனக்குத்தான் மறந்து போச்சு. அது எங்கூட்டுக் கோழி. எங்க பாத்தாலும் ஏறித் திரியும்.”

ஆயுசில் ஒரு கோழியும் வளர்க்காத மரைக்கார் இப்படிச் சொன்னதும் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் காக்கா வாயைத் திறந்தார்.

“இல்ல மரைக்கார், எனக்காகப் பொய் சொல்லாதீங்க. அது என்ட கோழிதான். மாடியக் கோழிக்குத்தான் கட்டின நான். மனிசர் ஏறினா பலகை தாங்காது.”

அவ்வளவு வருடப் பழக்கத்தில் அந்த மனிதர் சொன்ன முதல் மெய், சொல்லக்கூடாத இடம் பார்த்து வந்து விழுந்தது. மரைக்கார் தலையில் கை வைத்தார்.

சாச்சா படத்தை மறுபடியும் பார்த்தார். தாடியைத் தடவினார். “சன்னலும் வச்சி, ஏணியும் வச்சி, கோழிக்கே மாடி கட்டின மனிசன்” என்றார், “பெத்த புள்ளைக்கு ஊடு கட்டாமலா உடுவாரு? சம்மதம், பாத்திஹாவ ஓதுங்க.”

ஓதி முடிந்ததும் காக்கா என் காதில் சொன்னார்: “கப்பல்ட பேர் வாசிச்சது மெய்தான் தம்பி.”

கல்வீட்டைச் சொன்னபடி கட்டிக் கொடுத்தார். இப்போது காக்காவும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. எங்கள் வீதி முழுக்க மாடிதான், ஒவ்வொன்றும் இரண்டு தட்டு, மூன்று தட்டு. ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறேன். ஒரு சன்னலிலாவது கோழி இல்லை.